செட்டிக்குளத்தில் இறக்கிய கப்பல்

செஞ்சியில் கப்பல் கட்டினோம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கடல் பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். ஊரில் பாதிப்பேர் ஏறினதில்லை. மூன்று மலை, மூன்றிலும் கோட்டை, மிச்ச இடமெல்லாம் பாறை. இந்த ஊரில் யுத்தகாலச் சரக்குக் கப்பல் ஒன்று கட்டி, கோட்டைக்குள் இருக்கிற செட்டிக்குளத்தில் இறக்கினார்கள். இறக்கினவர்கள் கமிட்டி. அடித்தவன் நான்.

நான் கவலைச் சால் அடிக்கிறவன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சால். நாலாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தகடு மட்டும் கூட்டாமலே படிக்க வரும். தகட்டை வெட்டி, வளைத்து, இரண்டு விளிம்புக்கும் நடுவே தாரில் நனைத்த சணலை வைத்து, ரிவிட் அடித்து இறுக்குவேன். உள்பக்கம் முட்டுக்கட்டை பிடிக்கிறவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. அவன் பிடித்தால் மலை பிடித்த மாதிரி.

சால் முடிந்ததும் ஒரு வேலை உண்டு. சலித்த சாம்பலைத் தரையில் பரப்புவேன். தண்ணீர் வடிகிற தோல்வாலைக் கட்டுகிற அடிவாயை அடைத்துவிட்டு, சாலை அதன்மேல் நிறுத்தி, வாய்வரை தண்ணீர் ஊற்றுவேன். வாங்க வந்தவனை எதிரில் உட்கார வைப்பேன். டீ வரும். குடிப்பான். ஊர்க்கதை பேசுவான். அரை மணி கழித்துச் சாலைத் தூக்கிச் சாம்பலைக் காட்டுவேன். சாம்பலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தால் சாலை எடுத்துப்போக வேண்டாம். இருந்ததில்லை. அவலூர்பேட்டை வரைக்கும் என் சாலுக்கு ஆள் வரும். என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தச் சாம்பல் பேச்சுதான். செஞ்சி மேஸ்திரி சால் ஒழுகாது. அவ்வளவுதான். நிலம் கிடையாது. அந்தப் பேச்சு போனால் சோறு போச்சு.

கப்பல் எப்படி என் தலையில் விழுந்தது என்றால், வெள்ளைக்காரன் யுத்தத்தின்போது நான் கல்கத்தாவில் இருந்தேன். மதராசில் ஆள் எடுத்தார்கள், ரயில் ஏறிவிட்டேன். ஆற்றங்கரையில் ஒரு பட்டறை. ஒரு சின்னச் சரக்குக் கப்பல் முழுக்க என் கண்ணெதிரே எழும்பியது. பத்து மாதம் ரிவிட் அடித்தேன். இறக்குகிற அன்று ஒரு வெள்ளைக்காரி சாராயப் புட்டியை அதன் மூக்கில் உடைத்தாள். நாங்கள் கொழுப்புத் தடவிய கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். எங்களை யாரும் பார்க்கவில்லை. கப்பல் ஆற்றில் இறங்கி நிமிர்ந்து நின்றது. ஏன் நிமிர்ந்தது என்றால், முந்தின நாள் முழுக்க அதன் அடிவயிற்றில் இரும்புத் துண்டும் கல்லும் சுமந்து போட்டிருந்தோம். சரக்கு ஏறாத கப்பலுக்கு அடியில் கனம் வேண்டும். இல்லாவிட்டால் குடித்தவன் மாதிரி சாயும். இதைத் தெரிந்துகொள்ள நாலாம் வகுப்பே அதிகம்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவரிடம் பெரிய ரேடியோ இருந்தது. அதற்கு முன்னால் கூட்டம் நிற்கும். மண்டிக்காரர் தன் கடை பல்புக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினார். விமானம் வந்து செஞ்சிமேல் குண்டு போடுமாம். பாறைமேல் குண்டு போட்டு அவனுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவரைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் சுற்றினார்கள்.

அந்த மாதமே அரிசி காணாமல் போனது. என் மனைவி பையை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போவாள். கறுப்புக் காகிதம் சுற்றிய பல்புக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வார்: "ஸ்டாக் இல்லம்மா. நாளைக்கு வா." நாளைக்குப் போனாலும் அதுதான். பின்பக்கம் மூட்டை அடுக்கியிருப்பது தெருவுக்கே தெரியும்.

இப்படிப்பட்டவர்தான் யுத்தத்துக்கு உதவ ஊரில் போட்ட கமிட்டிக்குத் தலைவர். வீரர்களுக்கு ஊர் சார்பில் அரிசி அனுப்பப் போகிறார்களாம். வெறுமனே லாரியில் ஏற்றினால் யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு சரக்குக் கப்பல் கட்டி, அதில் அரிசி மூட்டையை ஏற்றி, குளத்தில் மிதக்க விட்டு, போட்டோ எடுத்து, பிறகு லாரியில் அனுப்புவார்களாம். இந்த யோசனை பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருடையது. படித்தவர்.

இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். அவலூர்பேட்டை விவசாயி ஒருவர் அப்போது சாம்பலுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நீ யுத்தக் கப்பல்ல வேலை செஞ்சவனாமே?" என்றார் மண்டிக்காரர்.

"சரக்குக் கப்பல். ரிவிட் அடிச்சேன்."

"அதாம்பா வேணும். செட்டிக்குளத்துல ஒண்ணு இறக்கணும்."

"குளத்துல கப்பல் எங்க போவும்?"

"போவ வேணாம். மெதந்தா போதும்."

ஹெட்மாஸ்டர், "மக்களுக்கு உணர்ச்சி வரணும், மேஸ்திரி" என்றார்.

"அரிசி வந்தா உணர்ச்சி வரும் சார்" என்றான் மச்சான் உள்ளேயிருந்து. ஹெட்மாஸ்டர் காதில் விழாத மாதிரி மேலே பார்த்தார்.

நான் மாட்டேன் என்றேன். சால் வேலை நெருக்கியது. மழைக்கு அப்புறம் எல்லாரும் இறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது மண்டிக்காரர் அந்த விவசாயியைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? ஒழுகாத சாலுன்னு ஊரெல்லாம் பேரு. கொஞ்சம் பெரிசா அடிக்கச் சொன்னா பயம் வந்துடுச்சு. ஒழுகுமோ என்னவோ."

"ஒழுகாது" என்றேன்.

"அப்ப அடி. ஒழுகுச்சுன்னா அப்பறம் உன் சாலை எவன் வாங்கறான்னு நானும் பாக்கறேன்."

விவசாயி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எனக்கும் கொழுப்புதான். அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டில் மனைவி ஒரே கேள்வி கேட்டாள். "நமக்கு அரிசி இல்லன்னவன் கப்பல்ல ஏத்த மட்டும் எங்கிருந்து தரப்போறான்?" அவள் கேட்டது முழுக்க எனக்கு விளங்க ஏழெட்டு வாரம் ஆனது.

ரோடு போடுகிற கான்டிராக்டர் காலித் தார் டிரம் கொடுத்தார். டிரம்மைப் பிளந்து, நெருப்பில் காட்டித் தாரை உருக்கி வழித்து, தகட்டைச் சம்மட்டியால் நிமிர்த்தினோம். பதினெட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம். இரும்புப்பட்டையில் விலா எலும்பு. அதன்மேல் தகடு. ஆணிக்கு ஆணி இரண்டு விரல் இடைவெளி. நான் வெளியே அடிப்பேன், மச்சான் உள்ளே படுத்து முட்டுக் கொடுப்பான். சத்தத்தில் சாயங்காலம் வரைக்கும் காது அடைத்துக் கிடக்கும். சாப்பிடும்போது கத்திக் கத்திப் பேசுவோம்.

இரண்டாவது வாரம் யுத்தம் நின்றுவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள். நான் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்டிக்குப் போனேன்.

"சண்டை முடிஞ்சிட்டுதாமே. வேலைய நிறுத்திடவா?"

"இன்னாப்பா நீ, பந்தலுக்குச் சொல்லியாச்சு. பேண்டுக்குச் சொல்லியாச்சு" என்றார்.

அதாவது, சண்டை அவர்களைக் கேட்காமல் முடிந்துபோனது தப்பு.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் தினம் ஒருத்தராக வந்தார்கள். ஒருவருக்குப் புகைக்கூண்டு வேண்டும். ஒருவருக்கு இரண்டு கொடிமரம் வேண்டும். இன்னொருவருக்கு பீரங்கி.

"சரக்குக் கப்பலுக்கு பீரங்கி எதுக்கு?"

"யுத்தமாச்சே."

"அதான் முடிஞ்சிடுச்சே."

"மறுபடி வந்தா?"

இவனோடு என்ன பேசுவது. மூங்கிலில் பீரங்கி வைத்துக் கறுப்படித்தேன். கடைசியில் ஹெட்மாஸ்டர் வந்து, மேலே ஒரு மாடி வேண்டும் என்றார். ஏழு நாற்காலி போடுகிற மாடி. கமிட்டி உட்கார்ந்துகொண்டு கையசைக்க வேண்டும்.

"தலை கனம் ஏறும் சார். அடியில கனம் வேணும். கல்லு போட்டுடறேன்" என்றேன். செஞ்சியில் கிடைப்பது அது ஒன்றுதான்.

அந்த மாடி வருவதற்கு முன்பே வெறும் கூட்டைக் குளத்தில் விட்டு மூன்று நாள் பார்த்திருந்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பார்த்தது நானும் மச்சானும். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. பெருமை அடித்துக்கொள்வது மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெருமை அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காததும் ஒரு முட்டாள்தனம்தான்.

கூட்டைக் கரையேற்றி மாடி கட்டியதும் அடியில் கல் அடுக்கினேன். மறுநாள் மண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

"இன்னாது இது? அரிசி போவுற கப்பல்ல கல்லா? பாக்கறவன் இன்னா சொல்லுவான்? செஞ்சிக்காரன் அரிசியில கல்லு கலக்கறான்னு சொல்ல மாட்டான்?"

"அடியில கெடக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. எடு, எடு. பன்னெண்டு மூட்டை அரிசி வெக்கறோம். அது கனம் இல்லையா?"

"பன்னெண்டு மூட்டைன்னா போதும். ஆனா பன்னெண்டும் வரணும்."

"நான் சொல்றேன்ல? முழுசா வரும்."

கல்லும் மூட்டையும் சேர்ந்தால் கூடு ரொம்ப அமிழும். அதனால் கல்லை எடுத்தேன். அவர் கண்ணெதிரிலேயே எடுத்தேன். ஒவ்வொரு கல்லும் கரையில் விழும்போது அவர் தலையாட்டினார்.

மழை விட்டது. குளம் படிவரைக்கும் நிறைந்தது. ஒரு சனிக்கிழமை காலை இறக்குவது என்று முடிவானது. ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்குள் மிதந்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பேண்டு. பந்தல். கடைத்தெரு முழுக்க அங்கே. அரிசி இல்லாத ஊரில் அரிசியைப் பார்க்க வந்த கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூட்டைகளைப் பந்தலில் அடுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு. வாய் தைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சாமந்தி மாலை. ஒரு மூட்டையின் வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வெள்ளையாக அரிசி தெரிந்தது. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் சுற்றினார்கள்.

பிறகு மூட்டையை ஏற்ற ஆரம்பித்தார்கள். மண்டியின் ஆட்கள்தான் தூக்கினார்கள். நான் பலகையின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் ஆள் என்னைத் தாண்டிப் போனான். இரண்டாவது ஆள் போனான்.

அவர்கள் முதுகு நேராக இருந்தது.

அரிசி மூட்டை சுமக்கிறவனை நான் தினம் பார்க்கிறவன். முதுகு வளையும், கழுத்து நரம்பு புடைக்கும், பேச முடியாது. இவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். மூன்றாவது ஆள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். பலகை வளையவே இல்லை.

நான் கயிற்றை விட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தொடப் போனேன்.

"ஏய், ஏய்! பூஜை போட்ட மூட்டை. நீ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், தொடாத" என்று மண்டிக்காரர் கத்தினார்.

"கனம் பாக்கணும்."

"கனமெல்லாம் பாத்தாச்சு."

ஹெட்மாஸ்டரிடம் போனேன். "சார், மூட்டை லேசா இருக்குது. கல்லு போடாம இறக்க வேணாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேஸ்திரி, எட்டே முக்கால் ஆயிடுச்சு. ராகுகாலம் வந்துடும். இப்பப் போயி கல்லு, மண்ணுன்னு..."

கணக்குப் பாடம் நடத்துகிறவர்.

மச்சான் மூங்கில் கழியோடு கப்பலின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவன்தான் தள்ள வேண்டும்.

"எறங்குடா" என்றேன்.

"இன்னா மாமா?"

"எறங்கு. கேள்வி கேக்காத."

இறங்கிவிட்டான். மண்டிக்காரர் மாடியில் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, மச்சான எறக்கிட்ட? பயமா? ஒழுகுமோ?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். ஏழு பேரும் சிரித்தார்கள்.

"ஒழுகாது. சாயும்" என்றேன்.

பேண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது மச்சானுக்கு மட்டும்தான் கேட்டது.

கப்பலைக் கரையில் தடுத்து நின்ற கட்டையைத் தட்டிவிட்டேன். கப்பல் இறங்கியது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இறங்கினபோது அழகாக இருந்தது. தார் டிரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச தூரம் போய் நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். புகைக்கூண்டில் வைத்த சாம்பிராணி புகைந்தது. நான் அதன் விளிம்பைப் பார்த்தேன். மிதப்பு அதிகம். அமிழ வேண்டிய அளவில் பாதிகூட அமிழவில்லை.

போட்டோக்காரன் தெற்குப் படியில் நின்றிருந்தான். "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்றான்.

ஏழு பேரும் எழுந்தார்கள். ஏழு பேரும் அந்தப் பக்கம் வந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மறைக்கக் கூடாது அல்லவா, விளிம்புக்கே வந்தார்கள்.

மெதுவாகத்தான் சாய்ந்தது. அவசரமே இல்லை. நாற்காலி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து ஹெட்மாஸ்டரின் முழங்காலில் இடித்தது. பிறகு மாடி, கொடிமரம், பீரங்கி, கமிட்டி எல்லாம் தண்ணீரில்.

அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவு. எழுந்து நின்றால் போதும். யாரும் நிற்கவில்லை. "ஐயோ, ஐயோ, காப்பாத்துங்க" என்று மண்டிக்காரர் கையைக் காலை உதைத்துக்கொண்டார். நானும் மச்சானும் இறங்கி, ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தினோம். நிறுத்தின பிறகுதான் கத்துவதை விட்டார்கள். மண்டிக்காரரை மச்சான் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினான். "கால ஊணுங்க மொதலாளி, தரை இருக்குது" என்றான்.

அப்போது கூட்டம் சத்தம் போடுவதை நிறுத்தியது. திரும்பிப் பார்த்தேன்.

மூட்டைகள் மிதந்தன. மாலையோடு, குங்குமத்தோடு, பன்னிரண்டில் பதினொன்று. வாத்து மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. வாய் திறந்திருந்த ஒன்று மட்டும் உள்ளே போய்விட்டது. இரண்டு மூட்டை தையல் விட்டு, உமி வெளியே வந்தது. குளத்து முகம் முழுக்க உமி பரவியது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்டி, பட்டாளத்துக்காரன் உமியா துன்றான்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

மண்டிக்காரர் படியேறி நின்றார். பந்தல் துணியைப் போர்த்திவிட்டார்கள். காதிலும் மீசையிலும் உமி. மூச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "மேஸ்திரி கப்பலு ஒழுகிடுச்சு."

ஹெட்மாஸ்டர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்துக்கொண்டே, "ஆமாம், ஒழுகிடுச்சு" என்றார்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் அதுதான் பேச்சு. கப்பல் ஒழுகிவிட்டது. ரிவிட் சரியில்லை. மூட்டை மிதந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே சொன்னார்கள். ஏனென்றால் அரிசி இருந்தது அந்த ஒரு மண்டியில்தான். நாளைக்கு வா என்றாலும் அங்கேதான் போக வேண்டும். அவருக்கு எதிராகப் பேசினால் அந்த நாளையும் கிடையாது. பசிக்குப் பேசினார்கள் என்றால் மன்னிக்கலாம். வீட்டில் இரண்டு மூட்டை இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போனேன். பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மன்னித்துவிடு என்றார். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்றேன்.

திங்கட்கிழமை ஒருவன் வந்தான். சொல்லிவைத்த சால் இப்போது வேண்டாம் என்றான். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர். ஒருவன் போன வருஷம் வாங்கின சாலையே கொண்டுவந்து, "எதுக்கும் பாத்துக் குடு மேஸ்திரி" என்றான். ஒரு வருஷமாக ஒழுகாத சால். ஊர்ப்பேச்சில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. புதன்கிழமை யாரும் வரவில்லை. பட்டறையில் நெருப்புப் போடவில்லை.

"போயி அந்த ஆள ரெண்டு சாத்து சாத்திட்டு வரேன்" என்றான் மச்சான்.

"சாத்தினா சால் விக்குமா?"

"பின்ன இன்னா பண்றது?"

மனைவி அடுப்பிலிருந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "சலிச்சித் தரட்டா?" என்றாள்.

கப்பல் குளத்தில் சாய்ந்தபடியே கிடந்தது. கமிட்டி அந்தப் பக்கம் வரவில்லை. நானும் மச்சானும் மூங்கில், துணி, பீரங்கி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். மாடு கட்டி இழுத்துக் கூட்டை நிமிர்த்தினோம். உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து, துணியால் துடைத்தோம். அவர் எடுக்கச் சொன்ன கற்கள் கரையிலேயே கிடந்தன. மறுபடி அடுக்கினேன். பன்னிரண்டு மூட்டை கனம், குறையாமல். கூடு அமிழ வேண்டிய அளவுக்கு அமிழ்ந்து நின்றது. கல் இல்லாத இடமெல்லாம், நடுவிலும் விளிம்பு ஓரத்திலும் சாம்பல் பரப்பினேன். சாலுக்குத் தண்ணீர் உள்ளே, சாம்பல் வெளியே. கப்பலுக்குத் தண்ணீர் வெளியே, சாம்பல் உள்ளே. மற்றபடி சோதனை ஒன்றுதான்.

மூன்று நாள் மிதந்தது. மழை இல்லை. நாங்கள் மாறி மாறிக் காவல் இருந்தோம். யாராவது வந்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது கதை. இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்கும்.

சந்தை நாள் வந்தது. மச்சான் சந்தைக்குப் போய், மாட்டுப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னான். "ஒழுகின கப்பல் செட்டிக்குளத்துல மெதக்குது. பாக்கறவன் வந்து பாக்கலாம்."

முதலில் வேடிக்கைக்காரர்கள் வந்தார்கள். கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே இறங்கிப் பார் என்றேன். எதற்கு வம்பு என்றார்கள். பார்த்துவிட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டி வரும். அந்தத் தொல்லை அவர்களுக்கு வேண்டாம்.

மத்தியானத்துக்கு அவலூர்பேட்டை விவசாயி வந்தார். அன்று டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அவர். இரண்டு சாலுக்குச் சொல்லிவைத்திருந்தார். வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"இன்னா மேஸ்திரி, கடலுக்குப் போவலியா?"

"பாருங்க" என்றேன்.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் கால் வைத்ததும் கூடு லேசாக அசைந்து நின்றுகொண்டது. குனிந்து சாம்பலைத் தொட்டார். விரலால் தேய்த்தார். நடுவில் பார்த்தார். ஆணி வரிசை ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே பின்பக்கம் வரைக்கும் போனார்.

ஒரு பிடி சாம்பலை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினார். பறந்தது. கரையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எத்தினி நாளா கெடக்குது?"

"மூணு நாளா."

"இந்தக் கல்லு எத்தினி மூட்டை வெயிட்டு?"

"பன்னெண்டு."

"நெசம் பன்னெண்டா, இல்ல மண்டிப் பன்னெண்டா?"

கரையில் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் அடக்கிக்கொள்ளவில்லை. சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு மண்டியில் வேலை இல்லை.

அவர் கரையேறினார். கையைத் தட்டிக்கொண்டார். "என் ரெண்டு சால் எப்பக் குடுப்ப?"

"தகடு வாங்கணும்."

"எதுக்கு வாங்கணும்?" என்று கப்பலைக் காலால் தட்டினார். "இதுலயே அடி."

அடுத்த வாரமே கப்பலைப் பிரித்தோம். கான்டிராக்டர் டிரம்மைத் திருப்பிக் கேட்கவில்லை. கமிட்டி கப்பலைக் கேட்கவில்லை. கேட்டால் உமியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அந்தத் தகட்டில் பத்துச் சால் வந்தது. பத்தும் வெளியூருக்குப் போனது. பிறகு உள்ளூர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கப்பலைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சாம்பலைப் பரப்பி, உட்கார வைத்து, டீ சொன்னேன்.

வீரர்களுக்கு அரிசி போனதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. லாரி ஒன்று போனது. அதன் முதுகு வளைந்ததா என்று நான் பார்க்கவில்லை.

தை மாதம் மண்டிக்காரரின் ஆள் வந்தான். அன்று வெற்றிலை மென்றுகொண்டு மூட்டை தூக்கினவன்தான். மொதலாளி நிலத்துக் கிணற்றில் சால் ஓட்டையாகிவிட்டதாம். பயிர் காய்கிறதாம். உடனே ஒன்று வேண்டுமாம். பட்டறைச் சுவரோரம் முடிந்த சால் மூன்று நின்றன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஸ்டாக் இல்ல. நாளைக்கு வா" என்றேன்.

உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. பிறகு மறுபடி கழுவினாள்.

மறுநாளும் வந்தான். அதையே சொன்னேன். மூன்றாம் நாள் கொடுத்தேன். சாம்பல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அரை மணி உட்கார வைத்துக் காட்டித்தான் கொடுத்தேன். ஒழுகாத சால். எனக்கு வேறு மாதிரி அடிக்கத் தெரியாது.